இரண்டாம் செமஸ்டர் கால்குலஸ்: 14 வருஷத்துக்குப் பிறகு

அக்கா மகள் காலேஜில் இரண்டாம் செமஸ்டர். போன வாரம் வில்லாபுரம் வீட்டுக்கு வந்தவள் கணக்கு நோட்டை என் மடியில் போட்டு, "மாமா, இதை வச்சு நீங்க இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?" என்றாள். இதே பேப்பரை ஒரு அரியரோடு முடித்து 14 வருஷம் ஆகிறது. இப்போது கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நியாயமான கேள்விதான்.

பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம் என்று தொகையிடும் (integration) வழிகள் எல்லாம் கை பழகினால் வந்துவிடும். விடையின் கடைசியில் வருகிற மாறிலியை (+C) போட மறந்து மார்க்கை விட்டதெல்லாம் பழைய கதை.

வளைகோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றிக் கன அளவு காண்பதற்கு மட்டும் ஒரு கும்பிடு. போன கோடையில் அக்கா வாங்கிய பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று கடைக்காரர் சொன்னதை அவள் நம்பவே இல்லை. நூலை எடுத்து 5 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றளவு பார்த்தேன்: அடியில் 50, வயிற்றில் 98, கழுத்தில் 48 என்று ஏழு அளவு. சுற்றளவை வர்க்கப்படுத்தி நான்கு பையால் (4π) வகுத்தால் அந்த இடத்துப் பரப்பு. இடைவெளி விட்டு எடுத்த அளவுகளிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிற சிம்ப்சன் விதிப்படி, ஏழு பரப்பையும் 1, 4, 2, 4, 2, 4, 1 ஆல் பெருக்கிக் கூட்டி, 5 சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கினால் 14.7 லிட்டர். லிட்டர் பாட்டிலால் ஊற்றினோம், பதினாலரையில் வழிந்தது. நூலை வெளியில் சுற்றியதால் பிளாஸ்டிக்கின் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக என் படிப்பை மதித்தாள்.

எரிச்சல் எல்லாம், முடிவில்லாமல் எண்களைக் கூட்டிக்கொண்டே போகிற தொடர்கள் யூனிட்டில். 1 + 1/2 + 1/3 என்று போகிற தொடர் 10ஐத் தாண்ட 12,367 உறுப்பு வேண்டும், 20ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேல். ஆனாலும் எந்த எண்ணிலும் நிற்காது. அது கூடப் பரவாயில்லை, 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஓரெம் இரண்டு, நான்கு, எட்டு என்று உறுப்புகளைக் கட்டி, ஒவ்வொரு கட்டும் அரைக்குக் குறையாது என்று காட்டிவிட்டார். அழகான வேலை. என் கோபம் ரேஷியோ டெஸ்ட் மேல். ஒவ்வொரு உறுப்பையும் முந்தின உறுப்பால் வகுத்து, அந்த விகிதம் போகப் போக எதை நெருங்குகிறது என்று பார்க்கும்; 1க்குக் கீழே என்றால் தொடர் ஒரு எண்ணில் நிற்கும், மேலே என்றால் நிற்காது. இந்தத் தொடருக்கும் விடை 1, ஒழுங்காக நிற்கிற 1 + 1/4 + 1/9 தொடருக்கும் விடை 1. 1 வந்தால் டெஸ்ட் கையை விரித்துவிடும். அப்புறம் எதற்கு அது?

நிற்கும் என்று சொன்னாலும் எவ்வளவில் என்று சொல்லாது. 1 + 1/4 + 1/9 தொடருக்கு, பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று 1734இல் கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்தார். கனங்களை வைத்து 1 + 1/8 + 1/27 என்று எழுதினால்? அது முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண் என்று 1978இல் பிரெஞ்சுக் கணிதர் அபேரி நிறுவினார். அந்த மாதிரிச் சுருக்கமான விடை இன்னும் இல்லை. மொத்தம் உண்டு, எவ்வளவு என்று கேட்காதே என்று நான் முதலாளியிடம் சொன்னால் வேலை இருக்குமா?

சரி, நியாயமும் பேச வேண்டும். ஒரு சார்பை x, x², x³ என்று அடுக்குகளின் கூட்டலாக எழுதுகிற டெய்லர் தொடரை எதுவரை நம்பலாம், எங்கே கவிழ்க்கும் என்று சொல்வது அதே ரேஷியோ டெஸ்ட்தான்.

இந்தப் பேப்பருக்கு என்ன மார்க் என்று குடம் அளந்த அன்று கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். நேற்று ராத்திரி அவளோடு உட்கார்ந்து மூன்று கணக்குப் போட்டேன், மூன்றிலும் 1. ஐந்துக்கு இரண்டு.

"அப்ப அந்த யூனிட்டை விட்டுரவா மாமா?"

"அதைத்தான் முதல்ல படி தாயி."