38 அறைகள் என்றார், இருந்தவை 14: வெளியூர்க் கல்யாணத்துக்கு அறை போடுகிறவர்கள் கவனத்துக்கு

என் மகனின் கல்யாணம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது, எங்களை நம்பி வெளியூருக்குப் புறப்பட்டு வந்த 94 பேருக்கு நேர்ந்ததைப் பற்றி. அவர்களுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்வதாகப் பணம் வாங்கிய ஏற்பாட்டாளரின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் செய்த விதத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே விதத்தில் இன்னொரு குடும்பமும் ஏமாறக் கூடாது.

பெண் வீட்டாரின் ஊரில் கல்யாணம். எங்கள் பக்கத்து மனிதர்கள் நான்கு ஊர்களிலிருந்து வரவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்து, சனிக்கிழமை காலை கல்யாணம், ஞாயிறு மதியம் புறப்பாடு. இரண்டு இரவுக்கு 38 அறைகள் தேவைப்பட்டன. மகனும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. மகனின் நண்பர் ஒருவர் கல்யாணத்துக்கு இதே ஏற்பாட்டாளர் ஒழுங்காகச் செய்து கொடுத்திருந்தார். விசாரிக்காமல் நாங்கள் இறங்கவில்லை.

பேச்சு மிகவும் பணிவாக இருக்கும். முதல் தவணை 40 சதவீதம் வாங்கிய அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் காதில் இருக்கிறது: “அம்மா, இனிமேல் நீங்கள் ஹோட்டலுக்குப் பேச வேண்டாம். இரண்டு பக்கமிருந்து பேசினால் அவர்கள் குழம்பிவிடுவார்கள். எல்லாம் என் வழியாகவே போகட்டும்.” நானும் “சரி, தம்பி” என்றேன். அவர் கேட்டதிலேயே பெரியது பணம் இல்லை, இதுதான். அன்று எனக்கு அது தெரியவில்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஹோட்டலின் பெயர், சின்னம், “38 அறைகள் உறுதி செய்யப்பட்டன” என்ற வரி, கீழே ஒரே ஒரு முன்பதிவு எண். அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அதே தாளை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மற்ற எழுத்துகள் எல்லாம் கூர்மையாக இருக்க, சின்னத்தின் ஓரம் மட்டும் படிக்கட்டு போல உடைந்திருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம். அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரி ஹோட்டலின் சொந்த முகவரி இல்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கிக்கொள்ளும் முகவரி. தொலைபேசி எண்ணோ அவருடைய ஆள் ஒருவருடையது. ஆறு மாதம் அந்தத் தாள் என் மேசையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு முதல் பஸ்ஸில் வந்த 41 பேருடன் ஹோட்டல் வாசலில் இறங்கினோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெயரைத் தேடினாள், இல்லை. மகன் பெயரைத் தேடினாள்; இல்லை. ஏற்பாட்டாளர் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 14 வரிகள். விரலால் எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன்.

நடந்ததை அந்தப் பெண்தான் பொறுமையாக விளக்கினாள். கூட்டமாக அறை கேட்பவர்களுக்கு ஹோட்டல்கள் அறைகளை ஒதுக்கி வைக்கும், ஆனால் ஒரு கெடு நாள் வரைக்கும்தான். பெரும்பாலும் அது மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு முன்பாக இருக்கும். இங்கே 30 நாள். அதற்குள் பணமும் தங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் வந்து சேரவேண்டும். வராத அறைகள் மறுநாளே பொது விற்பனைக்குப் போய்விடும். அவர் எங்களிடம் 38 அறைக்கும் பணம் வாங்கிக்கொண்டு, ஹோட்டலுக்கு 14 அறைக்கு மட்டும் கட்டியிருக்கிறார். மிச்சம் 24 அறைகளும் வார இறுதி என்பதால் இரண்டே நாளில் விற்றுப்போயின. ஹோட்டல் இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது, அவருக்கு. எல்லா அறைக்கும் தொடர்பு எண்ணாக அவர் தன் எண்ணையே கொடுத்திருந்தார். எங்களைத் தேடிச் சொல்ல ஹோட்டலிடம் எங்கள் எண்ணே இல்லை. அப்போதுதான் “என் வழியாகவே போகட்டும்” என்றதன் பொருள் முழுதாகப் புரிந்தது.

தொலைபேசியில் நான்கு முறை பிடித்தோம். நான்கு முறையும் “ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன், அம்மா” என்றார். கூப்பிடவில்லை. 7 மணிக்கு மேல் ஒரு முகவரி மட்டும் வந்தது, “அதே தரம், புதிய கட்டடம்” என்ற குறிப்போடு. அங்கிருந்து 22 கிலோமீட்டர்.

அதற்குள் நான் செய்யவேண்டியிருந்த வேலை இருக்கிறதே, அதை எந்தத் தாய்க்கும் விதிக்க வேண்டாம். 14 அறைகளை யாருக்குக் கொடுப்பது? கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கா, வயதானவர்களுக்கா, நீண்ட தூரம் பயணம் செய்து வந்தவர்களுக்கா? கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, வரவேற்பறையில் நின்று, நீங்கள் இருங்கள், நீங்கள் போங்கள் என்று சொந்தக்காரர்களைப் பிரித்தேன். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு முதல் அறை என்று எழுதி வைத்திருந்தேன். மடியில் பையனுக்கான பரிசுப் பையை வைத்துக்கொண்டு, தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சாவியை நீட்டியபோது வாங்கவில்லை. “சித்திக்குக் கொடு. அவருக்கு 81 வயது. நான் இளவட்டங்களோடு போய்க்கொள்கிறேன்” என்றாள். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார்.

“புதிய கட்டடம்” என்றது பாதி உண்மை. அது இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. மூன்றாம் மாடிச் சுவர்களில் பெயின்ட் ஈரம் காயவில்லை, வாசனையில் குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தன. லிஃப்டுக்குக் குழி இருந்தது, லிஃப்ட் இல்லை. அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறாள். எனக்கு அதை மறுநாள்தான் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கல்யாணம். 46 பேரை அழைத்துவர 7.30க்கு 50 இருக்கைப் பஸ் வரும் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். 8.20க்கு வந்தது 26 இருக்கை வேன். இரண்டு நடை அடிக்கவேண்டும். குழந்தைகள் முதலில் போகட்டும் என்று அக்கா நின்றுவிட்டாள்.

மண்டபத்துக்கு நேரக் கணக்கு உண்டு, மதியத்துக்கு மேல் இன்னொரு குடும்பம் வருகிறது. பெண் வீட்டார் 15 நிமிடம் காத்தார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மகன் மேடையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்த ஆறு வருடமும் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவன் பெரியம்மா. அவள் வந்து சேர்ந்தது 9.50க்கு. “அதனால் என்ன, முகத்தைப் பார்த்துவிட்டேனே” என்றாள். வீடியோவில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இடம் பிடிப்பதற்காக என் தம்பி தன் கைக்குட்டையை அதன் மேல் விரித்திருந்தான். அந்தப் பகுதி வரும்போதெல்லாம் மகன் எழுந்து போய்விடுகிறான்.

இனி, நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஏற்பாட்டாளரை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. நேர்மையாகச் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர் கொடுக்கும் கடிதம் முன்பதிவு இல்லை. ஹோட்டல் தன் கணினியில் ஏற்றினால்தான் முன்பதிவு, அப்போது ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி எண் விழும். 38 அறை என்றால் பெரும்பாலும் 38 எண்கள். ஏற்பாட்டாளர் தன் அலுவலகத்துக்காகப் போட்டுக்கொள்ளும் எண் வேறு, அதை வைத்து வரவேற்பு மேசையில் ஒன்றும் நடக்காது. ஹோட்டலின் தொலைபேசி எண்ணை ஹோட்டலின் இணையதளத்திலிருந்தே எடுத்து, கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நீங்களே கூப்பிடுங்கள். கெடு நாள் எது, இதுவரை எத்தனை அறைக்குப் பணம் வந்திருக்கிறது, பெயர்ப் பட்டியல் சேர்ந்ததா என்று மூன்றையும் கேளுங்கள். உங்கள் கைபேசி எண்ணைத் தொடர்பு எண்ணாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் கூப்பிடுங்கள். “இரண்டு பேர் பேசினால் குழப்பம்” என்று யாராவது தடுத்தால் அன்றே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தாலும், வராமல் போகிறவர்கள் சிலர் இருப்பார்கள் என்ற கணக்கில் இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாகப் பதிவு செய்யும் ஹோட்டல்கள் உண்டு. இரவு தாமதமாக வருகிறவர்கள்தான் அதில் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் விருந்தினர் நள்ளிரவில் வருவதாக இருந்தால், அந்த நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி. முதல் இரண்டு தவணைகளையும், 70 சதவீதம், அவர் சொன்ன தனிநபர் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பினோம். அது இன்றுவரை வரவில்லை. மூன்றாவது தவணைக்கு மகன் பிடிவாதம் பிடித்துக் கிரெடிட் கார்டில்தான் கொடுப்பேன் என்றான். அந்த 30 சதவீதத்துக்கு, வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் ஆட்சேபம் கொடுத்தோம். தற்காலிகமாகக் கணக்கில் திரும்ப வைத்திருக்கிறார்கள், முடிவு வரவேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இப்படிப்பட்ட ஆட்சேபத்துக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. வங்கிகள் தங்கள் பங்குக்கு அதைக் குறைத்து வைத்திருக்கலாம் என்பதால் ஊர் திரும்பிய வாரமே கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்குக் கை கொடுத்தது அந்த வரவேற்பு மேசைப் பெண்தான். கிளம்பும் முன் மேலாளரிடம் பேசி, எத்தனை அறை ஒதுக்கப்பட்டது, எத்தனைக்குப் பணம் வந்தது, எந்தத் தேதியில் மற்றவை விடுவிக்கப்பட்டன என்று கையெழுத்துடன் ஒரு பக்கம் எழுதி வாங்கித் தந்தாள். வங்கி முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். ஏற்பாட்டாளரின் செய்திகளையும் அன்றிரவே படமெடுத்து வைத்தோம். நல்லதாகப் போயிற்று, மறுநாள் அவர் அனுப்பியவற்றில் பாதியை அழித்துவிட்டார்.

அடுத்த வருடம் தம்பி மகளுக்குக் கல்யாணம், அதுவும் வெளியூரில்தான். போன வாரம் நானே ஹோட்டலுக்குப் பேசினேன். 26 அறைகள், 26 எண்கள், தொடர்புக்கு என் கைபேசி. கீழ்த்தளத்தில் ஓர் அறை கேட்டு, அதன் எண்ணை அக்காவுக்கு அனுப்பினேன். “இப்போதே எதற்கு?” என்றாள். மகன் பக்கத்தில் இருந்தான், போனை வாங்கி, “பெரியம்மா, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்றான்.