சர்ச் ஸ்ட்ரீட்ல வாங்குன ஐரிஷ் பேர் புக்

அக்கா மாசமா இருக்கா, அத்திம்பேர் டப்ளின்காரர், அதனால பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்ல இப்ப பேர் சண்டை. சர்ச் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய புக் கடைல 250 ரூபாய்க்கு ஐரிஷ் குழந்தை பேர் புக் ஒண்ணு கெடச்சுது.

அர்த்தம்லாம் சூப்பர். ரோனான்னா குட்டி கடல்நாய், உஷீன்னா குட்டி மான், சீர்ஷான்னா சுதந்திரம். ஆனா உச்சரிப்பு பாதி பேருக்கு போடல, இதுதான் பெரிய கடுப்பு. 'நியாம்'னு அம்மா ஒரு வாரம் எழுத்துக்கூட்டி கொஞ்சிட்டு இருந்தாங்க, அக்கா போன்ல சிரிச்சுட்டு அது 'நீவ்'மா, கடைசில எம் எச் வந்தா வ் சத்தம்னா. நாமளும் காகம்ல ஒரே எழுத்த ரெண்டு விதமா தானே சொல்றோம், என்னமோ போங்க.

வீட்டுக்கு வந்து பாத்தா டி (T) எழுத்துக்கு அப்புறம் பக்கமே இல்ல, கடைக்காரர் ரிட்டர்ன் கெடையாதுன்னுட்டார். அப்புறம் தான் தெரிஞ்சுது, பழைய ஐரிஷ்ல மொத்தமே 18 எழுத்து தான், வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் எதுவுமே கெடையாது, போனது யூ மட்டும்! 3 ஸ்டார். அம்மா ஓட்டு நீவுக்கு, கூப்பிட ஈஸியாம்.