படிகப்புலமா, ஈனிப்புலமா?

நடுவில் ஓர் உலோகமும், அதைச் சூழ்ந்து பிணையும் ஈனிகளும் (மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) கொண்டவை அணைவுச் சேர்மங்கள். அவற்றின் நிறத்தையும் காந்தத் தன்மையையும் விளக்க மூன்று கொள்கைகள் உண்டு: வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் இனக்கலப்பு முறை, படிகப்புலம், ஈனிப்புலம். பாடம் நடத்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, நான் படிகப்புலக் கொள்கையை எடுத்துக்கொண்டேன்.

பாலிங்கின் இனக்கலப்பு முறையில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. உலோகத்தின் ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களை) கலந்து சேர்மத்தின் வடிவத்தைச் சொல்லும்; நிறம் ஏன் என்று கேட்டால் பதில் வராது.

1929-இல் ஹான்ஸ் பெத்தே முன்வைத்த படிகப்புலம், ஈனிகளை வெறும் மின்சுமைப் புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறது. ஆறு ஈனிகள் சூழும் எண்முகி அமைப்பில், உலோகத்தின் ஐந்து டி-ஆர்பிட்டால்களில் ஈனிகளை நேராக நோக்கும் இரண்டு ஆற்றலில் மேலே ஏறும், மற்ற மூன்றும் கீழே இறங்கும். இவற்றுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளிதான் டெல்டா. எனக்கு எல்லாமே இந்த ஒற்றை எண்தான்.

ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த டைட்டானியம்(III) அயனியைப் பாருங்கள். டெல்டா சென்டிமீட்டருக்கு சுமார் 20,300 அலைகள், அதாவது மோலுக்கு 243 கிலோஜூல். நீலப்பச்சை ஒளி உறிஞ்சப்படுவதால் கரைசல் ஊதாவாகத் தெரிகிறது. அதே எண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு, 97 கிலோஜூல், அதன் ஒற்றை டி-எலக்ட்ரான் கீழே அமர்வதால் கிடைக்கும் நிலைப்படுத்தும் ஆற்றல். இரும்பு(II)-க்கு வந்தால், டெல்டாவை எலக்ட்ரான் இணையாகும் ஆற்றலோடு (இரண்டு எலக்ட்ரான்களை ஒரே ஆர்பிட்டாலில் வைக்கத் தேவையானது) ஒப்பிட்டாலே போதும். டெல்டா சிறிதானால் எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும், பெரிதானால் இணையும்: நீருடன் நான்கு தனித்த எலக்ட்ரான்கள், சயனைடுடன் ஒன்றுகூட இல்லை. மாணிக்கத்திலும் மரகதத்திலும் குரோமியம்(III)-ஐச் சூழ்வது ஆறு ஆக்சிஜன்கள்தான். மாணிக்கத்தில் புலம் சற்று வலுவானது, அதாவது டெல்டா பெரிது. ஒன்று சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் மாற அது போதும்.

உலோகத்துக்கும் ஈனிக்கும் இடையே எலக்ட்ரான் பகிர்வையும் கணக்கில் எடுக்கும் ஈனிப்புலக் கொள்கைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. மின்சுமையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மிக வலிமையான ஈனிகளில் ஒன்று. எதிர்மின்சுமை கொண்ட ஹைட்ராக்சைடோ நீரைவிட வலுக்குறைந்தது. புள்ளிச்சுமைக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. உலோகத்திலிருந்து ஈனிக்கு எலக்ட்ரான் திரும்பிப் போகும் பை-பிணைப்பைச் சேர்த்தால்தான் கார்பன் மோனாக்சைடின் வலிமை புரியும்.

இருந்தும் நான் மாறவில்லை. டெல்டாவை யாரும் மின்சுமையிலிருந்து கணக்கிட்டு எடுப்பதில்லை, நிறமாலையிலிருந்து அளந்தே எடுக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது என்ற கதை பிசகினாலும், அளந்த எண் அதன் வேலையைச் செய்துவிடுகிறது. ஈனிப்புலத்தில் ஆர்பிட்டால் வரைபடம் பெரிதாகும், அளவுருக்களும் கூடும். நிறத்துக்கும் காந்தத்துக்கும் அத்தனை சுமை தேவையில்லை.

கார்பன் மோனாக்சைடு ஈனியாக உள்ள கார்பனைல்களுக்கு மட்டும் தயங்காமல் ஈனிப்புலத்துக்குப் போய்விடுகிறேன். லாந்தனைடுகளில் (அருமண் உலோகங்களில்) என் பழக்கம் குறைவு. அங்கே 4எஃப் எலக்ட்ரான்கள் உள்ளே ஒளிந்திருப்பதால் ஆர்பிட்டால்களின் ஆற்றல் பிளப்பு மிகச் சிறியது. டைட்டானியம், குரோமியம், இரும்பு உள்ள முதல் இடைநிலை வரிசையை வைத்து நான் சொன்னதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம்.