பம்ப் போய்விட்டது என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் தகராறு செய்கிறது என்று யாரையாவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். குழாயில் காற்று சிக்கியிருந்ததற்கு, வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிடும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப்பையே மாற்றி எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு போனார் ஒருவர்.

ஒரு ரேடியேட்டரை, அதாவது பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டை, மாற்றுவதற்காகத் தண்ணீரை முழுக்க வடித்து, மறுபடி நிரப்பியிருந்தோம். அப்போதிருந்தே தொல்லை. மாடியில் ரேடியேட்டர்களின் கீழ்ப்பகுதி சுட்டது, மேல்பகுதி சில்லென்று இருந்தது. குழாய்களுக்குள் களகளவென்று சத்தம். பாய்லர் எரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். கடும் குளிர், வீட்டில் வயதான அம்மா வேறு.

வந்த டெக்னீஷியன் ஒரு ரேடியேட்டரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் வடித்த விஷயத்தைச் சொன்னேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பம்ப் போய்விட்டது, இப்படியே விட்டால் பாய்லரும் போய்விடும் என்றார். மாற்றினார். சத்தம் குறையவில்லை, கூடியது. திரும்பக் கூப்பிட்டால், பாய்லரே பழசு, புதிதாகப் போட்டுவிடுங்கள் என்கிறார்! அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

வேறொருவரை அழைத்தோம். அவர் முதலில் எல்லா ரேடியேட்டர்களையும் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். அப்புறம் பாய்லருக்குள் காற்றைத் தானாக வெளியேற்றும் வால்வைக் காட்டினார். அதன் சின்ன மூடி இறுக்கமாகத் திருகிக் கிடந்தது. கொஞ்சம் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு ரேடியேட்டர்களில் காற்றை எடுத்து, இறங்கிப்போயிருந்த தண்ணீர் பிரஷரை ஏற்றினார். வீடு சூடானது. புது பாய்லர் தேவைப்படவே இல்லை.

நடந்தது இதுதான்: பாய்லருக்குள் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. சுற்றாத தண்ணீர் சட்டென்று கொதிநிலையை நெருங்கும், பாதுகாப்புக்காகப் பாய்லர் தன்னை அணைத்துக்கொள்ளும். பம்ப் கெட்டாலும் இதே அறிகுறி வரும் என்பதால்தான் ஏமாற்றுவது சுலபமாகிறது. பம்ப்பை மாற்றவும் தண்ணீரை வடிக்க வேண்டும், அதில் இன்னும் காற்று புகும். எங்கள் வீட்டில் சத்தம் கூடியது அதனால்தான்.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்று. கீழே மட்டும் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் துருச் சேறு, அது வேறு வைத்தியம். காற்றை எடுக்க, ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மேல்மூலையில் உள்ள திருகை அதற்கான சாவியால் அரைச்சுற்றுக்குள் இடப்பக்கமாகத் திருப்புங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். காற்று நின்று தண்ணீர் வந்ததும் மூடுங்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போங்கள். கையில் துணி இருக்கட்டும், தண்ணீர் கறுப்பாக வரும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். உள்ளே துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கலாம்.

முடித்ததும் பிரஷர் மானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் வால்வைத் திறந்து ஏற்றிவிட்டு, மறக்காமல் மூடுங்கள். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு தண்ணீரை வெளியே தள்ளிவிடும். திரும்பத் திரும்பக் காற்று சேர்ந்தால் எங்கோ கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும், அதற்குத் தகுதியான ஆள்தான் வேண்டும். பாய்லரின் கேஸ் பகுதியில் மட்டும் நீங்கள் கை வைக்கவே கூடாது.

எங்கள் பழைய பம்ப்பை அந்த ஆள் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க இப்போது வழியில்லை, புகார் கொடுத்தும் நகரவில்லை. எதை மாற்றினாலும் கழற்றியதை வீட்டிலேயே விட்டுப்போகச் சொல்லுங்கள். என்ன சோதித்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.