விடுமுறையில் வீட்டுக் காரின் ஆடியோ: கடையில் நின்று கேட்டு வாங்க வேண்டிய வேலைகள்

ஊருக்கு வந்திருக்கும் சில நாட்களுக்குள் வீட்டுக் காரின் ஆடியோவைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதல் செலவைக் கதவில் செய்யுங்கள். கடையில் முதலில் காட்டப்படுவது சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஆம்பும்தான் (ஒலியின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்). ஆனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) கெடுவது பெரும்பாலும் கதவில். ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிரானவை. கதவின் உள்தகட்டு ஓட்டைகள் வழியாக இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கர் போட்டாலும் இது மாறாது.

டோர் பேடை (கதவின் உட்புற மூடி) கழற்றி, தகட்டை ஆல்கஹாலால் துடைத்து, வெளித்தகட்டின் உட்புறம் ப்யூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் ஒட்டுத்தாள்) ஒட்டி ரோலரால் அழுத்தச் சொல்லுங்கள். அதிர்வை அடக்கப் பரப்பில் கால் பங்கு மூடினாலே போதும். மொத்தமாக ஒட்டுவது எடையைத்தான் கூட்டும். அதன்பின் உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை அடைக்க வேண்டும். அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மூட விடக்கூடாது, கதவு துருப்பிடிக்கும். தார் ஷீட் வேண்டவே வேண்டாம். வெயிலில் இளகி வழியும், நாற்றமும் வரும்.

வெளிநாட்டிலிருந்து ஸ்பீக்கர் கொண்டுவருபவர்கள் 6.5 அங்குலம் என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். ஆழம்தான் சிக்கல். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி, கண்ணாடியை முழுவதும் இறக்கிய நிலையில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் ஸ்பேசர் வளையம் வைக்கலாம். எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் ஈரத்தில் உப்பும், பிளாஸ்டிக் நல்லது. ஜப்பான் சந்தைக்கான ஹெட் யூனிட்டை (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) கொண்டுவர வேண்டாம். அதன் எஃப்எம் 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான், மேலே உள்ள நிலையங்கள் கிடைக்காது.

கம்பெனி ஒயரை வெட்டவிடாமல், அந்த வண்டிக்கான கப்ளரை (வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்) கேளுங்கள். வாரன்டி பிரச்சினைக்கு வாய்ப்பு குறையும், பிறகு கழற்றவும் எளிது.

ஹெட் யூனிட்டில் 50×4 வாட் என்று எழுதியிருந்தாலும், தொடர்ந்து தருவது சேனலுக்குச் சுமார் 15 முதல் 20 வாட்தான். அதனால் ஆம்ப் வைப்பது நியாயம். ஆனால் மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருந்தே ஆக வேண்டும். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். பவர் ஒயர் முழுத் தாமிரமா என்று முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் தாமிரம் பூசிய அலுமினியம், அதற்கு இன்னும் தடித்த அளவு வேண்டும். எர்த் புள்ளியில் பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எர்த்தைத்தான். ஆர்சிஏ ஒயரும் (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்கு ஒலி சிக்னலைக் கொண்டுபோவது) பவர் ஒயரும் வண்டியின் வேறு வேறு பக்கமாகப் போகட்டும்.

ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கான திருகு) காதால் கேட்டு வைக்க விடாதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, வால்யூமை முக்காலில் வைத்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பார்க்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றால் கெயினைக் கூட்டி 14.1 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழான ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்) வையுங்கள், சிறிய கூம்பு பேஸில் திணறாது.

வண்டியை எடுக்கும் முன் மோனோ பாட்டு (இரு பக்கமும் ஒரே ஒலி வருவது) ஒன்றைப் போட்டு, பேலன்ஸை நடுவில் வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்குத் திருப்பும்போது பேஸ் கூடினால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. விமானம் ஏறுவதற்குள் ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அன்றே கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து இறுக்கச் சொல்லுங்கள்.