21 மாதம், 23,000 கிலோமீட்டர்: கூலன்ட் கசிவைச் சரிசெய்த அனுபவம்

எங்களுக்கு மன்னார்குடி. வீட்டில் இருப்பது 2014 மாடல் டீசல் ஹாட்ச்பேக், 2019-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலையாகத் திருவாரூர், மாதம் ஒருமுறை அம்மாவை டாக்டரிடம் காட்ட வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், விசேஷம் என்றால் நீடாமங்கலம், வலங்கைமான் தாண்டிக் கும்பகோணம். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் குறைய ஆரம்பித்தது. ரிப்பேர் பார்த்து 21 மாதம் ஆகிவிட்டது. எந்தச் செலவு தேவைப்பட்டது, எது தேவையே இல்லை என்று இப்போது சொல்ல முடியும்.

வாரத்துக்கு ஒரு விரல் அளவு இறங்கியது. தரையிலோ ஒரு சொட்டு இல்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துப் பார்த்தேன், காலையில் காய்ந்தே கிடந்தது. முன் சீட்டுக்கு நேர்கீழே சொட்டியது ஏசி தண்ணீர்; நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் ஓடிவிட்டு வந்து நிறுத்தினால் பானெட் பக்கம் லேசான இனிப்பு வாடை அடிக்கும். அது கூலன்ட் வாடை என்று அப்போது எனக்குத் தெரியாது. எஞ்சின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிந்து, சூடான இரும்பிலேயே ஆவியாகிவிட்டால் தரைக்கு ஒன்றும் வராது. தரை காய்ந்திருக்கிறது என்பதால் கசிவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

நான் செய்த பெரிய தவறு, குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியது. எங்கள் தெருத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு, கூலன்டை ஆறவைக்கும் ரேடியேட்டரின் குழாய்க்குள்ளும் படியத்தானே செய்யும்? போதாததற்குக் கூலன்ட் நீர்த்துப்போய், துருப் பிடிக்காமல் காக்கும் சக்தியும் போய்விடுகிறது.

2023 ஏப்ரலில் ஒரு மத்தியானம், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றிருந்தோம். ஓடும்போது நடுவிலேயே நிற்கும் டெம்பரேச்சர் முள், நின்ற ஐந்தாவது நிமிஷம் மேலே ஏறியது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். அப்படியும் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்து, அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் உதவுகிறேன் என்று கூலன்ட் மூடியைத் திறக்க வந்தார்; தடுத்துவிட்டேன். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். இதில் அவசரமே கூடாது.

முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ரேடியேட்டர், கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும் (ரப்பர் குழாய்) மாற்ற 38,500 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருந்தால் அது தனியாம். "எங்கே கசிகிறது?" என்று கேட்டேன். "கழற்றினால்தான் தெரியும் சார்" என்றார்கள். ஒரிஜினல் பாகங்கள், வாரண்டி எல்லாம் சேர்ந்த விலை அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கசியும் இடத்தைக் காட்டாமல் போடும் எஸ்டிமேட்டுக்கு நான் பணம் கட்டத் தயாராக இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் பிரஷர் டெஸ்ட் பம்ப் இருந்தது. எஞ்சின் ஆறியபிறகு மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் கையால் காற்று அடித்தார். பத்து நிமிஷத்தில் கேஜ் முள் இறங்கியது. "தம்பி, இங்க வந்து பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். வாட்டர் பம்ப்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் கசியும். அங்கிருந்து இளஞ்சிவப்பாகக் காய்ந்த கோடு ஒன்று இறங்கியிருந்தது. இன்னொரு இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் கீழ்மூலை. அங்கே கண்முன்னே ஈரம் பூத்தது.

ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி நான் மிகவும் பயந்திருந்தேன். ஆயில் பாலாடை போல வெளுக்கவில்லை, சைலன்சரில் வெண்புகை இல்லை, மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தபோது விடாமல் குமிழியும் வரவில்லை. எனவே ஹெட்டைத் தொட வேண்டாம் என்றார். இந்த டெஸ்ட்டுக்கு அவர் வாங்கியது 300 ரூபாய்.

பில் இப்படி: பம்ப் 2,450, ரேடியேட்டர் வெளி பிராண்ட் 5,200, உப்பியிருந்த கீழ் ஹோஸ் 480, தெர்மோஸ்டாட் 950, கூலன்ட் மூன்று லிட்டர் 1,050, டிஸ்டில்ட் வாட்டர் 100, லேபர் 2,200. டெஸ்ட்டையும் சேர்த்து 12,730 ரூபாய். ரேடியேட்டர் டேங்கை மட்டும் மாற்றினால் மூவாயிரம் மிச்சமாகியிருக்கும். உள்ளே வெள்ளைப் படிவைப் பார்த்தபிறகு எனக்கு மனசு வரவில்லை. என் வண்டியில் பம்ப்பைச் சுழற்றுவது வெளி பெல்ட். உங்கள் வண்டியில் எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் சுழற்றினால், பம்ப்பையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

கசிவை அடைக்க லாரிக்காரர்கள் அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவார்கள், கடையில் கசிவடைக்கும் திரவமும் கிடைக்கிறது. ஊர் போய்ச் சேர உதவலாம். ஆனால் ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடக்கூடும். பழைய கூலன்டை வாய்க்காலில் மட்டும் கொட்டாதீர்கள். நாயும் பூனையும் நக்கிவிடும், அது விஷம். கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்தேன்.

அப்புறம் நடந்தது: நாலாவது மாதம் கீழ் ஹோஸ் கிளிப்பில் லேசாக ஈரம். இறுக்கியதும் நின்றது. அதன்பின் கூலன்ட் ஊற்றும் டேங்கில் நான் ஒட்டிய டேப்பின் கோட்டிலிருந்து அளவு இறங்கவில்லை. பம்ப் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஒரு குறை உண்டு. மே மாதத்தில் ஏசி போட்டு நின்றால், பழைய ரேடியேட்டர் நன்றாக இருந்த காலத்தைவிட ஃபேன் கொஞ்சம் அதிக நேரம் ஓடுகிறது. முள் ஏறவில்லை என்பதால் விட்டுவிட்டேன். தை மாதம் சம்பா அறுவடையில் ரோட்டில் பறக்கும் பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டரின் முன்பக்கம் அப்பிக்கொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி, வேகம் குறைத்த தண்ணீரால் கழுவினால் போய்விடுகிறது. வேகமாக அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கிவிடும்.

மேல் ஹோஸை அப்போது மாற்றவில்லை. போன வாரம் அமுக்கிப் பார்த்தபோது முனையில் கொஞ்சம் கெட்டியாகி, மெல்லிய வெடிப்பு தெரிந்தது. அடுத்த தஞ்சாவூர்ப் பயணத்துக்கு முன்னால் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.