ஆறு ஊசிக்கு முன்பணம் வாங்கும் நரம்பு வலிச் சிகிச்சை: என் அனுபவம், ஓர் எச்சரிக்கை

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் தொடங்கி இடது பிட்டத்தின் ஆழம் வரை பரவும் எரிச்சலோடு ஒன்றரை ஆண்டில் நான்கு மருத்துவர்களைப் பார்த்துவிட்டு, இடுப்புக்குழி நரம்பு வலிக்கென்றே சிகிச்சை அளிப்பதாக விளம்பரம் செய்துவந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். வெளியில் சொல்லக் கூசும் இடத்தில் வலி என்பதால் பலர் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் தனியாகவே மருத்துவரைத் தேடி அலைகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். உடன் யாராவது வந்திருந்தால் அன்றே இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள்.

முதல் சந்திப்பு பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. நான் கொண்டுபோன எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டு, ஓரிடத்தைப் பேனா முனையால் சுற்றிக் காட்டி, "புடென்டல் நரம்பு இங்கே நசுங்கியிருக்கிறது" என்றார். பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளுக்கு உணர்வு தரும் நரம்பு அது. படத்தோடு வந்த கதிரியல் அறிக்கையில் அப்படி ஒரு வரியே கிடையாது. என்னைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. வலிக்கும் இடத்தை விரலால் காட்டச் சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அடுத்த அறையில் உதவியாளர் ஆறு கட்டங்கள் அச்சிட்ட மஞ்சள் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த ஆறு ஊசிகள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால் சலுகை. வலி நின்றால் போதும் என்றிருந்த எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, கட்டிவிட்டேன்.

முதல் ஊசிக்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதும் சில மணி நேரம் மரத்துப்போனது. கிள்ளினாலும் தெரியவில்லை. ஆனால் உள்ளே இருந்த வலி அப்படியே இருந்தது. அதைச் சொன்னபோது, "நான்காவது ஊசிக்குப் பிறகுதான் பலன் தெரியும்" என்று பதில் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஊசிகளுக்கும் அதே கதைதான். ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு கட்டத்தில் முத்திரை விழுந்தது. வலி எவ்வளவு குறைந்தது என்று ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் ஊசி போட்ட அன்றே விடை கிடைத்துவிட்டது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. புடென்டல் நரம்பு, முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்புப் பகுதியின் இரண்டாம், மூன்றாம், நான்காம் நரம்பு வேர்களிலிருந்து புறப்பட்டு, இடுப்பின் இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து, ஆல்காக் கால்வாய் எனப்படும் குறுகிய வழியாக முன்னே செல்கிறது. அது சிக்கிக்கொண்டதால் வரும் வலியை உறுதிசெய்ய 2008-இல் வெளியான நான்ட் அளவுகோல்கள் எனப்படும் ஐந்து நிபந்தனைகளைத்தான் இத்துறையினர் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த நரம்பு பரவும் பகுதியில் வலி இருக்க வேண்டும். உட்கார்ந்தால் அது அதிகமாக வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது. பரிசோதனையில் தொடு உணர்வு குறைந்திருக்கக் கூடாது. நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டால் வலி தணிய வேண்டும். ஆக, அந்த ஊசி முதலில் ஒரு சோதனை. மரத்தும் வலி தணியாததால், என் வலிக்கு அந்த நரம்பு சிக்கியது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று அது அன்றே காட்டிவிட்டது. அதன் முடிவைக் கேட்காமலே அதைச் சிகிச்சையாக ஆறு முறை விற்றிருக்கிறார்கள். என் வலியோ வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் என்னை எழுப்பிவிடும். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் கிடைக்கிறதா என்று ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, அப்படிப் பலன் இல்லை என்றே முடித்தது. எனக்கு நான்கு முறையும் ஸ்டீராய்டு ஏற்றப்பட்டிருக்கிறது.

ஐந்தாவது ஊசிக்குப் போகாமல் வேறொரு வலி மருத்துவரைப் பார்த்தேன். அவர் முக்கால் மணி நேரம் கேட்டார். கழிப்பறை இருக்கையில் உட்காரும்போது வலி குறைகிறதா, மலம் கழித்த பிறகு கூடுகிறதா, ஊசி போட்ட இடம் உண்மையிலேயே மரத்ததா என்று வரிசையாக விசாரித்தார். மரத்தும் வலி நிற்கவில்லை என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் அனுமதி கேட்டு, உடன் ஒரு செவிலியரை வைத்துக்கொண்டு, ஆசனவாய் வழியாக விரலால் மெதுவாகப் பரிசோதித்தார். இடப்பக்கச் சுவரில் இறுகிக் கிடந்த ஒரு தசையை அழுத்தியபோது, ஒன்றரை ஆண்டாக நான் சுமந்த அதே வலி அச்சாக வந்தது. அது அந்த நரம்பை ஒட்டியே இருக்கும் தசை. இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் இயன்முறைச் சிகிச்சையும், இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற வலி தணிக்கும் மாத்திரையும் தொடங்கினார். பழைய இடத்தில் தசையை இறுக்கும் பயிற்சியைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது ஆகாது என்று உடனே நிறுத்தச் சொன்னார்.

உண்மையாகவே நரம்பு சிக்கியவர்களுக்கு ஊசியும், தேவைப்பட்டால் நரம்பை விடுவிக்கும் அறுவைச் சிகிச்சையும் பயன் தரலாம். ஆகவே ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பதிவு செய்யும்போதே, மருத்துவர் கையால் பரிசோதிப்பாரா, ஊசிக்குப் பின் மணிக்கணக்கில் வலி அளவைக் குறித்து வைப்பார்களா, முதல் ஊசி பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "இன்னொரு ஊசி" என்பது மட்டுமே பதிலானால் பணம் கட்டாதீர்கள். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் வேறு காரணங்களை ஒதுக்கத்தான் உதவும். படத்தை மட்டும் பார்த்து நரம்பு நசுங்கியது என்று உறுதியாகச் சொல்பவரிடம் அறிக்கையில் அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் திடீரென மரத்து, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போனால், எந்த நிபுணருக்காகவும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அது முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

மீதமிருந்த இரண்டு ஊசிகளின் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தொகுப்புக்குப் பணம் திரும்பாது என்றார்கள். என் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்துமூலம் கேட்டேன்; மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு நான்கு தாள்கள் வந்தன. மருந்தின் பெயர், அளவு, தேதி, கையொப்பம் எல்லாம் இருந்தன. "ஊசிக்குப் பின் வலி அளவு" என்ற இடம் நான்கிலும் வெறுமையாக இருந்தது. அந்தத் தாள்களை இணைத்துத்தான் இப்போது புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.